மருத்துவக் கோப்பு உங்கள் கையில் இருக்கட்டும்: பரவிய புராஸ்டேட் புற்றுநோயோடு நிறைவாக வாழ்வது எப்படி

புராஸ்டேட் புற்றுநோய் எலும்புக்குப் பரவிவிட்டது என்ற செய்தியை நம் வீடுகளில் நோயாளி அறியும் முன்பே மகனோ மகளோதான் பெரும்பாலும் கேட்கிறார்கள். மருத்துவர் அறிக்கையைப் புரட்டிவிட்டு, "ஐயா, நீங்கள் சற்று வெளியில் உட்காருங்கள்" என்கிறார், கதவு சாத்தப்படுகிறது, திரும்பி வரும் பிள்ளைகள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஒன்றுமில்லை அப்பா, எலும்புத் தேய்மானம்தான்" என்கிறார்கள். 2018இல் எனக்கு அப்படித்தான் நடந்தது. அப்போது எனக்கு வயது 66. ஏறக்குறைய மூன்று மாதம், எதற்கென்று தெரியாத ஊசியைப் போட்டுக்கொண்டு, காரணம் தெரியாத வியர்வையிலும் சோர்விலும் கிடந்து, எல்லாம் முடிந்துவிட்டது என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். உண்மையைக் கேட்டு வாங்கிய பிறகுதான் என் பயத்துக்கு ஓர் அளவு கிடைத்தது. பிள்ளைகள் அன்பினால் மறைத்தார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் தன் உடலில் என்ன நடக்கிறது என்று அறியாதவரால் எந்த அறிகுறியைச் சொல்ல வேண்டும், எதைத் தாங்கிக்கொள்ள வேண்டியதில்லை, எந்த நாளை எதற்காகச் சேமிக்க வேண்டும் என்று தீர்மானிக்க முடியாது.

ஆகவே முதல் வேலை, மருத்துவக் கோப்பைப் பிள்ளைகளிடமிருந்து நீங்கள் வாங்கிக்கொள்வது. அதைத் தூக்கி வர அவர்கள் உதவலாம். அதில் என்ன இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மருத்துவரிடம், "என் நோயைப் பற்றி என்னிடமே நேரடியாகச் சொல்லுங்கள், என் மனைவியும் மகனும் உடன் இருப்பார்கள்" என்று ஒரு முறை தெளிவாகச் சொன்னால் போதும், பெரும்பாலானோர் அதன்படியே நடக்கிறார்கள். எல்லா விவரமும் வேண்டாம் என்று நினைப்பவரும் உண்டு. அதுவும் உங்கள் உரிமையே. எவ்வளவு தெரிய வேண்டும் என்பதை நீங்கள் சொல்ல வேண்டும், மற்றவர் முடிவு செய்யக் கூடாது.

நோயைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டியவை

புராஸ்டேட் என்பது சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி, பெரிய நெல்லிக்காய் அளவில் இருக்கும் சுரப்பி. அதில் தோன்றும் புற்றுநோய் பரவும்போது பெரும்பாலும் இடுப்பெலும்பு, முதுகெலும்பு, விலா எலும்பு ஆகியவற்றுக்கும் நிணநீர்க் கணுக்களுக்கும் செல்கிறது. எலும்பில் இருப்பதால் அதை "எலும்புப் புற்றுநோய்" என்று உறவினர்கள் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். அது தவறு, எலும்பில் குடியேறியிருந்தாலும் அது புராஸ்டேட் புற்றுநோயே, அதற்குரிய மருந்துகளுக்கே அது கட்டுப்படுகிறது. இந்த வேறுபாடு முக்கியமானது, ஏனென்றால் புராஸ்டேட் புற்றுநோய் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை உண்டு வளர்கிறது. அந்த உணவை நிறுத்தினால் நோய் சுருங்குகிறது என்று 1941இல் சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ் என்ற அறுவை மருத்துவர் காட்டினார். 1966இல் அதற்காக அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்றும் சிகிச்சையின் அடித்தளம் அதுதான்.

டெஸ்டோஸ்டிரோனை நிறுத்த முக்கியமாக இரண்டு வழிகள் உள்ளன. விரைகளை அகற்றும் சிறிய அறுவை ஒன்று. ஒரே முறை செய்வது, செலவு குறைவு, ஊசிக்காக மாதாமாதம் அலைய வேண்டியதில்லை. மற்றொன்று லூப்ரோலைடு, கோசெரலின், டெகாரெலிக்ஸ் போன்ற ஊசிகளை மாதத்துக்கு ஒரு முறையோ, மருந்தைப் பொறுத்து மூன்று மாதங்களுக்கு ஒரு முறையோ போட்டுக்கொள்வது. நோயைக் கட்டுப்படுத்துவதில் இரண்டும் ஒன்றுக்கொன்று குறைந்தவையல்ல. அறுவை என்றால் ஆண்மையே போய்விடும் என்று தயங்குபவர்கள் ஒன்றை அறிய வேண்டும்: ஊசி போட்டாலும் ஹார்மோன் அதே அளவுக்குத்தான் குறையும். ஆனால் அறுவையைத் திரும்பப் பெற முடியாது, ஊசியை நிறுத்தலாம். அந்த வேறுபாடு மனத்துக்குப் பெரிதாக இருந்தால் அதையும் ஒரு காரணமாக மதித்து முடிவெடுங்கள். லூப்ரோலைடு வகை ஊசிகள் முதல் ஓரிரு வாரங்களில் ஹார்மோனைக் குறைப்பதற்கு முன் சற்று ஏற்றிவிடும் என்பதால், முன்னதாகவே பைக்காலுட்டமைடு போன்ற மாத்திரையைத் தருவது வழக்கம். முதுகெலும்பில் நோய் அதிகம் இருப்பவர் இதைக் கட்டாயம் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

இன்று ஊசியோ அறுவையோ மட்டும் போதாது, தொடக்கத்திலேயே இரண்டாவது மருந்தையும் சேர்க்க வேண்டும் என்பதே பெரும்பாலானோருக்குப் பொருந்தும் முறை. டோசிடாக்செல் என்ற கீமோ மருந்தைத் தொடக்கத்திலேயே சேர்த்தால் ஆயுள் கூடுகிறது என்பது 2015இலும், அபிராட்டெரோன் மாத்திரையால் அத்தகைய பயன் உண்டு என்பது 2017இலும் பெரிய ஆய்வுகளில் தெரியவந்தன. என்சாலுட்டமைடு, அபாலுட்டமைடு, டாரோலுட்டமைடு ஆகியவை பின்னர் அவ்வரிசையில் சேர்ந்தன. ஆகவே உங்களுக்கு ஊசி மட்டும் எழுதித் தந்திருந்தால், "இதனோடு வேறொரு மருந்து சேர்க்க வேண்டுமா, வேண்டாமென்றால் ஏன்?" என்று கேளுங்கள். வயது, இதயநோய், வலிப்புநோய், செலவு என்று நியாயமான காரணங்கள் இருக்கலாம். கேட்காமல் விட்டுவிடுவதற்கு மட்டும் காரணம் இல்லை.

இந்த நோய் முற்றிலும் குணமாவதில்லை, ஆனால் கட்டுப்படும். கட்டுப்பாடு பலருக்கு ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது. ஒரு கட்டத்தில், டெஸ்டோஸ்டிரோன் டெசிலிட்டருக்கு 50 நானோகிராமுக்குக் கீழே இருந்தும், பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் அணுக்கள் இரத்தத்தில் விடும் ஒரு புரதம்) அளவு ஏறத் தொடங்கும்; நோய் ஹார்மோன் சிகிச்சையை மீறத் தொடங்கிவிட்டது என்பதற்கு அது அடையாளம். அத்துடன் வழி அடைபட்டுவிடுவதில்லை. முன்பு தராத மாத்திரைகள், கீமோ, எலும்பில் மட்டும் நோய் இருந்தால் ரேடியம்-223 என்ற கதிரியக்க ஊசி, புற்றணுவைத் தேடிப்போய்க் கதிர்வீசும் லூட்டீசியம்-177 பி.எஸ்.எம்.ஏ. சிகிச்சை என்று அடுத்தடுத்த படிகள் உள்ளன. அடுத்த படி என்ன என்று முன்கூட்டியே தெரிந்திருப்பவருக்கு, பி.எஸ்.ஏ. ஏறும் நாளில் தரை நழுவுவதில்லை.

பி.எஸ்.ஏ.யைப் பற்றி ஒரு சொல். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரும் அந்த எண் நம் வாழ்வையே ஆட்டிவைக்க விடக் கூடாது. சிகிச்சை தொடங்கி ஏழெட்டு மாதங்களில் அது 0.2க்குக் கீழே இறங்கினால் நல்ல அறிகுறி என்பது உண்மை. ஆனால் 0.3 என்பது 0.4 ஆனதற்காக இரவெல்லாம் விழித்திருக்கத் தேவையில்லை. தனியொரு எண்ணைவிட, அடுத்தடுத்த எண்கள் எந்தத் திசையில், எவ்வளவு வேகமாகப் போகின்றன என்பதையும், ஸ்கேனையும், உங்கள் உடல் சொல்வதையும் சேர்த்தே மருத்துவர் முடிவெடுக்கிறார். ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, பி.எஸ்.ஏ., டெஸ்டோஸ்டிரோன், எடை, இரத்த அழுத்தம், சர்க்கரை, அன்றைய வலி ஆகியவற்றை எழுதி வையுங்கள். முடிந்தவரை ஒரே பரிசோதனை நிலையத்தில் இரத்தம் கொடுப்பது நல்லது, ஏனென்றால் நிலையத்துக்கு நிலையம் அளவீடு சற்று மாறும்.

ஹார்மோன் குறைந்த உடலோடு வாழ்வது

நோயைவிட அதிக நாள் நம்மோடு இருப்பவை சிகிச்சையின் பக்க விளைவுகள்தான். இதைப் பற்றி எனக்கு யாரும் விரிவாகச் சொல்லவில்லை. ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் வருவது வெப்ப அலை. மார்பிலிருந்து கழுத்துக்கும் முகத்துக்கும் சூடு ஏறி, சட்டை நனையும்படி வியர்த்து, சில நிமிடங்களில் அடங்கி, அதன்பின் குளிரும். என் மனைவிதான் அதை அடையாளம் கண்டாள்: "மாதவிடாய் நின்றபோது எனக்கு இருந்தது இதுதானே" என்றாள். காரணமும் ஏறக்குறைய ஒன்றுதான். பாலின ஹார்மோன் திடீரென்று குறைவதால் உடலின் வெப்பத்தைச் சமன்செய்யும் மூளைப்பகுதி தடுமாறுகிறது. காரம் மிகுந்த உணவு, கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் காபி, மது ஆகியவை இதைத் தூண்டக்கூடும். எது தூண்டுகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறுவதால் இரண்டு வாரம் குறித்துவைத்துப் பாருங்கள். தளர்ந்த பருத்தி உடையும், படுக்கை அருகே ஒரு துண்டும், மின்விசிறியும் பெரும்பாலோருக்குப் போதும். தூக்கமே கெடுகிறது என்றால் அதற்கு மாத்திரைகள் உள்ளன; "இதைப் போய் டாக்டரிடம் சொல்வதா" என்று விட்டுவிட வேண்டாம்.

அடுத்தது, சத்தமில்லாமல் நடக்கும் மாற்றம். தசை கரைகிறது, வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்கிறது, சர்க்கரையும் கொழுப்பும் இரத்தத்தில் ஏறுகின்றன. நம் நாட்டில் ஏற்கெனவே சர்க்கரை நோயும் இதய நோயும் மிகுதி என்பதால், புராஸ்டேட் புற்றுநோயைக் கட்டுப்படுத்தி வைத்திருக்கும்போதே மாரடைப்பில் உயிரிழப்பவர்களும் இருக்கிறார்கள். ஹார்மோன் சிகிச்சை தொடங்கும்போதே சர்க்கரை, கொழுப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றைப் பார்த்து, பின் சில மாதங்களுக்கு ஒரு முறை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அபிராட்டெரோன் எடுப்பவர்களுக்கு இரத்த அழுத்தம் ஏறலாம், பொட்டாசியம் குறையலாம், கல்லீரல் பாதிக்கப்படலாம் என்பதால் இவற்றுக்கான சோதனைகளும் சேரும். அதனோடு தரப்படும் பிரெட்னிசோலோன் மாத்திரையை ஒருபோதும் நீங்களாக நிறுத்தக் கூடாது. அபிராட்டெரோனை வெறும் வயிற்றில் எடுக்கச் சொன்னால் அதைக் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள். உணவோடு சேர்ந்தால், குறிப்பாகக் கொழுப்புள்ள உணவோடு சேர்ந்தால், மருந்து பல மடங்கு அதிகமாக உடலில் ஏறும். இந்தத் தன்மையைப் பயன்படுத்தியே 1000 மில்லிகிராமுக்குப் பதில் 250 மில்லிகிராமை உணவோடு தரும் முறையும், செலவைக் குறைப்பதற்காக, சில மருத்துவர்களிடம் உள்ளது. பணம் நெருக்கினால் அதைப் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். மாத்திரையை நீங்களாகக் குறைத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுச் சமாளிக்காதீர்கள்.

தசை இழப்புக்கும் சோர்வுக்கும் நான் கண்ட மிகச் சிறந்த மருந்து உடற்பயிற்சி. ஆய்வுகளும் அதையே சொல்கின்றன. சோர்வாக இருப்பவரை நடக்கச் சொல்வது கொடுமை போலத் தோன்றும், ஆனால் புற்றுநோய்ச் சோர்வு படுத்துத் தீர்வதில்லை. வாரத்துக்கு 150 நிமிடம், பேச முடிகிற ஆனால் பாட முடியாத வேகத்தில் நடப்பது இலக்கு. அதை ஒரே நாளில் எட்ட வேண்டாம், முதல் வாரம் வாசலுக்கும் தெருமுனைக்கும் போய் வந்தால்கூடச் சரி. நடையைவிடவும் விட்டுவிடக் கூடாதது தசைக்கான பயிற்சி: நாற்காலியில் கையூன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருவது, சுவரில் கைவைத்துத் தள்ளுவது, ரப்பர் பட்டையை இழுப்பது ஆகியவற்றை வாரத்துக்கு இரண்டு மூன்று நாட்கள் செய்யுங்கள். எலும்பில் நோய் இருப்பவர் தொடங்குவதற்கு முன் ஸ்கேனைப் பார்த்த மருத்துவரையும் இயன்முறை மருத்துவரையும் ஒரு முறை கேட்க வேண்டும். முதுகெலும்பில் நோய் இருந்தால் தண்ணீர்க் குடத்தைக் குனிந்து தூக்குவது, இடுப்பை வெடுக்கென்று திருப்புவது, கடினமான யோகாசனங்கள் ஆகியவை ஆகாது.

உணவில் மாயம் எதுவும் இல்லை. சர்க்கரையை நிறுத்தினால் புற்றுநோய் பட்டினி கிடந்து சாகும் என்பது போன்ற பேச்சுகளை ஒதுக்குங்கள். ஆனால் எடையும் சர்க்கரையும் ஏறாமலிருக்கச் சோற்றின் அளவைக் குறைத்து, பயறு, சுண்டல், மீன், முட்டை, காய்கறி ஆகியவற்றைக் கூட்டுவது நமக்கு எளிது. எலும்புக்குக் கால்சியம் வேண்டும்; 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் இருக்கிறது என்பதால் காலையில் கூழோ அடையோ நல்ல தொடக்கம். உறவினர் கொண்டுவரும் பெயரற்ற சூரணங்கள், இணையத்தில் விற்கும் சத்து மாத்திரைகள் ஆகியவற்றில் எச்சரிக்கை தேவை. சித்த மருந்து எடுக்க விரும்பினால் பதிவு பெற்ற சித்த மருத்துவரிடம் எடுத்து, அதைப் புற்றுநோய் மருத்துவரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். கல்லீரல் பாதிப்பு தெரிந்தால் எதனால் என்று அறியாமல் நல்ல மருந்தை நிறுத்த நேரிடும்.

இனி, நம்மில் எவரும் வாய்விட்டுப் பேசாத ஒன்று. சிகிச்சை தொடங்கிச் சில வாரங்களில் பாலுறவு நாட்டம் குறைந்து, பலருக்கு அறவே நின்றுவிடும். விறைப்பும் குறையும், விரைகள் சுருங்கும், சிலருக்கு மார்பு சற்றுப் பருத்து வலிக்கும். விறைப்புக்கான மாத்திரைகள் நாட்டத்தைத் திருப்பித் தருவதில்லை. நெஞ்சுவலிக்காக நைட்ரேட் மருந்து எடுப்பவர்களுக்கு அவை ஆபத்து. இதில் மிகவும் துன்பப்படுத்துவது உடல் அன்று, கணவன் மனைவிக்கிடையே விழும் மௌனம். "என்மேல் வெறுப்பா" என்று மனைவி உள்ளுக்குள் கேட்டுக்கொண்டிருப்பார். "நான் ஆணே இல்லை" என்று கணவர் தனியறைக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டிருப்பார். இது ஊசியின் வேலை, அன்பின் குறைவன்று என்ற ஒரே வாக்கியத்தை மனைவியிடம் சொல்லுங்கள். ஒரே அறையில் உறங்குங்கள், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதற்கு ஹார்மோன் தேவையில்லை.

மனம் காரணமின்றிக் கலங்குவதும், எளிதில் கண்ணீர் வருவதும், பெயர்கள் மறப்பதும் இச்சிகிச்சையில் நேர்பவையே. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லை, உறக்கமில்லை, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் திரும்பத் திரும்ப வருகிறது என்றால், அது மனச்சோர்வு நோய். அதற்கு மருத்துவம் உண்டு. இதைத் தைரியக் குறைவு என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்ளாதீர்கள்.

எலும்பையும் கால்களையும் காப்பது

ஹார்மோன் சிகிச்சை எலும்பை மெலிவிக்கிறது. நோயோ எலும்புக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே கீழே விழாமலிருப்பது நம் நோயில் ஒரு சிகிச்சைக்குச் சமம். குளியலறையில் வழுக்காத விரிப்பும் சுவரில் கைப்பிடியும், இரவில் கழிப்பறைக்குப் போகும் வழியில் சிறுவிளக்கும், உட்காரும் வகைக் கழிப்பறையும் அமைப்பதற்குச் செலவு அதிகமில்லை. இடுப்பு முறிந்து படுத்தபின் ஆகும் செலவோடு ஒப்பிடவே வேண்டாம். எலும்பு அடர்த்திச் சோதனை ஒரு முறை எடுத்துக்கொள்ளுங்கள். எலும்பை வலுவாக்கச் சோலெட்ரானிக் அமிலம் அல்லது டெனோசுமாப் ஊசி தேவையா என்று கேளுங்கள். அவற்றைத் தொடங்குவதற்கு முன் பல் மருத்துவரைப் பார்ப்பது கட்டாயம். அந்த ஊசிகளைப் போட்டுக்கொண்டிருக்கும்போது பல்லைப் பிடுங்கினால் தாடையெலும்பு ஆறாமல் போகும் சிக்கல் சிலருக்கு நேர்கிறது. ஆகவே பிடுங்க வேண்டிய பல்லை முன்கூட்டியே பிடுங்கி ஆறவிட வேண்டும்.

இப்போது எழுதுவதை வீட்டிலிருக்கும் எல்லோரும் படிக்க வேண்டும். முதுகில் புதிதாகவோ வழக்கத்தைவிடக் கடுமையாகவோ வலி, படுத்தால் அல்லது இருமினால் கூடும் வலி, கால்கள் துவளுதல், நடை தடுமாறுதல், இடுப்புக்குக் கீழே மரத்துப்போதல், சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றிப் போதல் அல்லது சிறுநீர் அடைத்துக்கொள்ளுதல் ஆகியவற்றில் எது வந்தாலும் தண்டுவடம் நசுங்குகிறது என்று கருதி அன்றே, இரவானாலும், மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே முதலில் சொல்ல வேண்டியது, "எனக்குப் புராஸ்டேட் புற்றுநோய் முதுகெலும்பில் இருக்கிறது, தண்டுவடம் அழுந்துகிறதா என்று பாருங்கள்" என்பது. எம்.ஆர்.ஐ. எடுத்து, ஸ்டீராய்டு தந்து, கதிர்வீச்சோ அறுவையோ உடனே செய்தால் கால்களைக் காப்பாற்றலாம். நடக்க முடியும் நிலையிலேயே சிகிச்சை பெற்றவர்கள் பெரும்பாலும் தொடர்ந்து நடக்கிறார்கள், கால் விழுந்தபின் வருபவர்களில் பலரால் அது முடிவதில்லை. எண்ணெய் தேய்த்துப் பார்ப்போம், ஞாயிறு கழியட்டும் என்று ஒத்திப்போட்ட இரண்டு நாளில் நடையை இழந்தவரை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன்.

கீமோ எடுக்கும் காலத்தில் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் அதுவும் உடனே போக வேண்டிய நிலை. மாத்திரை போட்டுக் காய்ச்சலை அடக்கி வீட்டில் காத்திருக்கக் கூடாது. சிறுநீர் அளவு திடீரென்று குறைந்தால், நோய் சிறுநீரகக் குழாய்களை அழுத்துகிறதா என்று பார்க்க வேண்டும்.

வலியைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை

வலியைத் தாங்குவதை வீரமென்று நினைக்கும் பழக்கம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. எலும்பு வலிக்குச் சிகிச்சை உண்டு என்பதைத் தெரிந்துகொண்டால் அந்த வீரத்துக்கு அவசியமில்லை. குறிப்பிட்ட ஓரிடத்தில் வலி என்றால் அந்த இடத்துக்கு ஒரே ஒரு முறை 8 கிரே அளவு கதிர்வீச்சு தருவதே பலருக்குப் போதுமானதாக இருக்கிறது. கதிர்வீச்சுக்குப் பின் ஓரிரு நாள் வலி கூடித் தோன்றலாம், பயன் தெரியச் சில வாரம் ஆகலாம். இதை அறியாதவர்கள் இரண்டாம் நாளே நம்பிக்கை இழக்கிறார்கள். கடையில் நாமாக வாங்கும் வலி மாத்திரைகள் தொடர்ந்து எடுத்தால் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும்.

கடும் வலிக்கு மார்ஃபின் மாத்திரை உண்டு. மார்ஃபின் என்றாலே கடைசி நாள் வந்துவிட்டது என்று வீட்டார் அழத் தொடங்குவார்கள்; உண்மையில் அதை எடுத்துக்கொண்டே பல மாதங்கள் நடந்து, பேசி, வேலை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். வலிக்காக, மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் எடுப்பவர் போதைக்கு அடிமையாவது அரிது. வலி வந்தபின் எடுப்பதைவிட வலி வராமலிருக்கக் கடிகாரம் பார்த்து எடுப்பதே சரியான முறை. முதல் சில நாள் குமட்டலும் தூக்கக்கலக்கமும் இருந்து அடங்கும். மலச்சிக்கல் மட்டும் அடங்காது, ஆகவே முதல் நாளிலிருந்தே அதற்கான மருந்தைச் சேர்த்து எடுக்க வேண்டும். 2014இல் போதைப்பொருள் சட்டம் திருத்தப்பட்டபின் அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைகள் மார்ஃபினைப் பெறுவது முன்பைவிட எளிதாகியிருக்கிறது. இருந்தாலும் எல்லாக் கடையிலும் கிடைக்காது. ஆகவே மருந்து தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே அடுத்த சீட்டைப் பெற்றுவிடுங்கள்.

வலி நிவாரண மற்றும் ஆதரவு சிகிச்சை என்று ஒரு துறையே உள்ளது. எல்லாச் சிகிச்சையும் கைவிட்டபின் அனுப்பப்படும் இடமாக அதைக் கருதாதீர்கள்; ஊசியும் மாத்திரையும் நடந்துகொண்டிருக்கும்போதே அங்கே போகலாம், போக வேண்டும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இச்சிகிச்சையும் இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள்.

பணமும் பயணமும்

நீண்ட நோய் என்பதால் செலவைத் தொடக்கத்திலேயே கணக்கிட வேண்டும். முதல் ஆறு மாதத்தில் நிலத்தை விற்று எல்லாவற்றையும் செலவழித்துவிட்டு, மூன்றாம் ஆண்டில் நல்ல மருந்து தேவைப்படும்போது கையில் ஒன்றுமில்லாமல் நிற்பது பல வீடுகளில் நடக்கிறது. அபிராட்டெரோன், என்சாலுட்டமைடு ஆகியவற்றை இந்திய நிறுவனங்களும் தயாரிக்கின்றன. நிறுவனத்துக்கு நிறுவனம் விலை பெரிதும் வேறுபடுவதால் மருத்துவரிடம் கேட்டு விலை குறைந்ததை வாங்கலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. உங்களுக்கு எழுதிய மருந்து அதில் அடங்குமா என்று மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் கேளுங்கள். 1954இல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம், காஞ்சிபுரம் காரப்பேட்டையிலுள்ள அறிஞர் அண்ணா நினைவு அரசு மருத்துவமனை போன்றவற்றில் கட்டணமின்றியோ குறைந்த கட்டணத்திலோ சிகிச்சை பெற வழி இருக்கிறது. சிகிச்சைக்காகச் செல்லும் ரயில் பயணத்துக்குக் கட்டணச் சலுகை உண்டு. அதற்கான படிவத்தில் மருத்துவமனையில் கையொப்பம் பெற வேண்டும்.

சிகிச்சைக்காக அல்லாத பயணத்தையும் விட்டுவிடாதீர்கள். பேத்தியின் பள்ளி விழாவுக்கோ குலதெய்வக் கோயிலுக்கோ போவதை, ஊசித் தேதியையும் கீமோ முடிந்து சோர்வு தெளியும் வாரத்தையும் பார்த்து, முன்கூட்டியே நாள்காட்டியில் குறியுங்கள். சிகிச்சையைச் சுற்றி வாழ்வை அமைக்காமல், வாழ்வைக் குறித்துவிட்டு, "இந்தத் தேதியில் நான் ஊரில் இருக்க வேண்டும், ஊசியை நான்கு நாள் தள்ளலாமா" என்று நான் கேட்டபோது என் மருத்துவர் ஒரு முறைகூட மறுத்ததில்லை. மருந்துச் சீட்டின் நகலும், பத்து நாளுக்கு மேலதிக மாத்திரையும், போகும் ஊரின் அருகிலுள்ள மருத்துவமனையின் பெயரும் பையில் இருக்க வேண்டும்.

பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியவை

பரவிய புராஸ்டேட் புற்றுநோய் உள்ளவர்கள் மரபணுச் சோதனை பற்றிக் கேட்க வேண்டும். பி.ஆர்.சி.ஏ.-2 போன்ற மரபணுவில் மாற்றம் இருந்தால் ஒலாபரிப் வகை மருந்து உங்களுக்குப் பயன்படக்கூடும். அதே மாற்றம் பிள்ளைகளில் எவருக்கும், பாதிக்குப் பாதி வாய்ப்பில், போயிருக்கலாம். மகனுக்குப் புராஸ்டேட், மகளுக்கு மார்பகம், சூலகம் ஆகியவற்றில் ஆபத்து கூடும் என்பதால், முன்பே அறிந்தால் அவர்கள் கண்காணிப்பில் இருக்கலாம். குடும்பத்தில் பழி வரும் என்று அஞ்சி இதை மறைப்பது அவர்களுக்குச் செய்யும் கேடு.

கடைசியாக, நீங்களே பேச முடியாத நிலை வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பதை, தெளிவாக இருக்கும் இப்போதே எழுதி வையுங்கள். செயற்கைச் சுவாசக் கருவியில் வைக்க வேண்டுமா, கடைசி நாட்கள் வீட்டிலா மருத்துவமனையிலா என்பவற்றை, மருத்துவமனை வராந்தாவில் நின்றுகொண்டு பிள்ளைகள் தங்களுக்குள் சண்டையிட்டு முடிவெடுக்கும்படி விடக் கூடாது. இத்தகைய முன்கூட்டிய மருத்துவ உத்தரவுக்கு உச்ச நீதிமன்றம் 2018இல் ஏற்பு அளித்தது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள் முன் கையொப்பமிட்டு, நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அலுவலர் சான்றளித்தால் போதும். நான் என்னுடையதை 2023 கோடையில் எழுதினேன். அன்று மாலை மகனையும் மகளையும் உட்காரவைத்து வரிவரியாக நானே படித்துக் காட்டினேன். மகள் அழுதாள், மகன் இரண்டு கேள்வி கேட்டான், ஒரு வரியை அவன் சொன்னபடி திருத்தினேன். ஒரு படி மகனிடம், ஒரு படி குடும்ப மருத்துவரிடம், மூலம், பி.எஸ்.ஏ. எழுதும் நோட்டுப் புத்தகத்தோடு என் மருத்துவக் கோப்பின் முதல் உறையில் இருக்கிறது.